ரேகை இல்லாத கட்டைவிரல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேர். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை கண் மூடியபோது என் கையில் விட்டுப்போனது. ஆறு பேரில் ஒருவரும் பொய் சொல்லிப் பிழைக்கவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், என் கடைசி மகள் நாளிதழில் பொய் எழுதினாள் என்று ஒருவர் ஊர் முழுக்கச் சொன்னார். அதற்கு என் கட்டைவிரலையே சாட்சியாகக் காட்டினார்.

அவர் பெயரை எழுதமாட்டேன். பயம் என்று நினைக்கவேண்டாம். இந்த நோட்டுப் புத்தகம் நான் வாங்கியது, அதில் அவருக்கு இடம் கொடுக்க மனமில்லை. மலேசியாவில் மாசாய் என்கிற ஊரில் எங்கள் அடுக்குமாடியில் எல்லாரும் அவரைத் தலைவர் என்பார்கள். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். தொழிற்சாலைக் கழிவை லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் தொழில். நானும் தலைவர் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அந்தச் சொல் வரும்போது கொஞ்சம் முகம் சுளித்தால் எனக்குத் திருப்தி.

முதலில் என் விரலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பெக்கான் நானாஸில் அன்னாசியை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், உட்கார நாற்காலி கிடையாது. தோல் சீவிய பழம் பெல்ட்டில் வரும். அதில் மிச்சமிருக்கும் கண்களைக் கத்தி முனையால் நோண்டி எடுக்கவேண்டும். கையுறை கொடுப்பார்கள். காலையில் போட்டால் பத்து மணிக்கெல்லாம் விரல் நுனியில் கிழிந்துவிடும். அன்னாசி தின்றால் நாக்கு அரிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்கில் விரல் அந்தச் சாற்றில் ஊறினால் என்ன ஆகும்? முதலில் எரியும். பிறகு தோல் உரியும். பிறகு ஒன்றும் தெரியாது. ரேகை போய்விடும். என் பத்து விரலும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

ஐசி என்கிற அடையாள அட்டையை மாற்றப் போனால் அங்கிருக்கும் இயந்திரம் என் விரலைப் படிக்காது. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் துடைத்துப் பார்த்தாள், ஈரத்துணி வைத்துப் பார்த்தாள், வேறு விரல் கேட்டாள். கடைசியில் ரேகை பதியவில்லை என்று ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தாள். வங்கியிலும் அதே கதைதான். "ரேகை ஆகாதும்மா, கையெழுத்து போடக் கத்துக்கிட்டு வாங்க" என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வருஷம் படித்தது எப்போதோ மறந்துபோயிருந்தது. வாழைப்பழம் சுற்றி வந்த நாளிதழை விரித்து வைத்து, அதிலிருந்த பெரிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். முதலில் என் பெயர் வந்தது. மற்றதெல்லாம் மெதுவாக வந்தது.

ஆக, விரல் போனதால்தான் எனக்கு எழுத்து வந்தது. தலைவருக்கு இது தெரியாது. தோட்டத்துக் கிழவி என்றால் கைநாட்டுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

என் கடைசி மகள் நாளிதழுக்குச் செய்தி எழுதுகிறவள். மாசச் சம்பளக்காரி இல்லை, செய்தி கொடுத்தால்தான் காசு. புருஷனை விட்டுப் பிரிந்து, தன் பெண்ணோடு என் கூட இருக்கிறாள். மோட்டார் சைக்கிளில் மாசாய், உலு திராம் என்று சுற்றிக் கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டு, விபத்து என்று எழுதுவாள். அப்போதெல்லாம் தலைவரும் அவளுக்கு நல்லவர்தான். சால்வை போடும் படத்தை அவளே பல தடவை எடுத்திருக்கிறாள்.

ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். சரியாக விடியவில்லை. மூன்றாவது மாடியில் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பெரிய கால்வாய் ஓரத்தில் ஒரு தொட்டி லோரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, தடித்த குழாயைக் கால்வாயில் விட்டார்கள். வாடை மேலே ஏறி வந்தது. தலை சுற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலர் பள்ளியில் பதினோரு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

மகள் செய்தி எடுக்கப் போய்விட்டு வந்து, யாரும் எதையும் பார்க்கவில்லையாம் என்று சலித்துக்கொண்டாள்.

"நான் பாத்தேன். லோரி நம்பர்கூடத் தெரியும்" என்றேன்.

"அலமாக்! அந்த இருட்டுல நம்பர எப்படிம்மா படிச்ச?"

"வெளக்கு எரிஞ்சுச்சு. நாலு நம்பர் எடுக்கலாமேன்னு மனசுல வெச்சேன்."

நாலு நம்பர் என்றால் நாலு இலக்க லாட்டரி, இங்கே அது வழக்கம். நாய் கடித்தாலும் எடுப்போம், லோரி கவிழ்ந்தாலும் எடுப்போம். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நீ சொன்னேன்னு நான் எழுதமாட்டேன். நீயும் யார்கிட்டயும் வாயத் தெறக்கக்கூடாது. யாரு கேட்டாலும் ஒன்ன நான் காட்டிக் குடுக்கமாட்டேன். பேசறவங்களுக்கெல்லாம் நான் குடுக்கற வாக்கு அது. அம்மாவா இருந்தாலும் அதே வாக்குதான்."

அந்த நம்பரை நான் எடுத்தேன். எனக்கு அடிக்கவில்லை. தலைவருக்குத்தான் அடித்தது. லோரி அவருடையது.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. மகள் அதோடு நிற்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த இரண்டு டிரைவர்களிடம் பேசி, கழிவை எங்கெல்லாம் கொட்டினார்கள் என்று அடுத்தடுத்து எழுதினாள். மூன்றாவது செய்தி வந்த மறுநாள், மத்தியான வெயிலில், மாசாய் சாலை முனையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து அவள் வண்டியை எட்டி உதைத்தார்கள். தோள் எலும்பு முறிந்தது. தலைக்கவசம் நடுவில் பிளந்தது. விழுந்து கிடந்தவளின் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தோளுக்காக அழவில்லை.

"எலும்பு ஒட்டிக்கும்மா. போனுல அந்த டிரைவருங்க பேரு இருக்கு" என்றாள்.

ஒரு வாரத்தில் டிரைவர் ஒருவருக்கு வேலை போனது. இன்னொருவர் குடும்பத்தோடு குளுவாங் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அந்தத் தலைக்கவசத்தை நான் குப்பையில் போடவிடவில்லை. வாசலில் செருப்பு வைக்கும் பலகையின் மேல் பிளந்த பக்கம் தெரிய வைத்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும்.

போலிஸில் அவளைக் கூப்பிட்டு, லோரியைப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். பெயர் சொன்னால் சாட்சியாகச் சேர்க்கலாம், சொல்லாவிட்டால் செய்திக்கு ஆதாரமில்லை என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தேடிய சாட்சி பத்தடி தூரத்தில். அவள் சொல்லவில்லை. எழுந்து போய் நானே சொல்ல நினைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்து அவள் கட்டுப் போட்ட கையை லேசாக அசைத்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அவளிடமும் ஒரு தப்பு இருந்தது. முதல் செய்தியில், 'துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி' என்று எழுதியிருந்தாள். எங்கள் கட்டடத்தில் அந்த நேரத்தில் துணி காயப்போடுகிற கிழவி நான் ஒருத்திதான். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டு வந்துதான் துவைப்பார்கள். ஒரே ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அது அவளுக்குத் தெரிவதற்கு முன்னே தலைவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகுதான் அந்தக் காகிதம் வந்தது. மலேசியாவில் நாங்கள் புலனம் என்று சொல்கிற வாட்சப்பில், கட்டடத்துக் குழுவில், கோயில் குழுவில், பள்ளிப் பெற்றோர் குழுவில் எல்லாம் ஒரே நாளில் வந்தது. நாளிதழ் ஆசிரியருக்கும் அனுப்பியிருந்தார்கள். அதில் இருந்தது இதுதான்: 'நான் எந்த லோரியையும் பார்க்கவில்லை. என் மகள் விளம்பரத்துக்காகச் சொல்லிக்கொடுத்ததை நான் சொன்னேன். தலைவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' கீழே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கைநாட்டு.

பேத்தியின் கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான கைநாட்டு. ஈர மாவில் சீப்பு வைத்துச் சுழற்றினது மாதிரி வரிவரியாக, ஒரு வரி விடாமல் விழுந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆசிரியர் கூப்பிட்டு, விவகாரம் தீரும்வரை செய்தி அனுப்பவேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். கீழ்வீட்டுக்காரி என்னை மின்தூக்கியில் பார்த்தாள்.

"என்னா ஆச்சி, மக சினிமாவுக்குக் கத எழுதப் போலாம்லா? நல்லா கற்பன வருது."

அவள் முகத்தை மனதில் வைத்துக்கொண்டேன்.

மகள் உடனே ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். "ஒனக்கு ரேகையே இல்லன்னு ஐசி ஆபீஸ் கடுதாசி இருக்கே, அத அனுப்பறேன்" என்றாள். நான் பேனாவைப் பிடுங்கி வைத்தேன்.

"இப்ப சொன்னா என்ன சொல்வாரு? யாரோ குடுத்தாங்க, நம்பிட்டேன்னு சொல்வாரு. நழுவிடுவாரு. பொறு. நான்தான் வெச்சேன்னு அவரு வாயால சொல்லட்டும். நாலு பேரு முன்னாடி சொல்லட்டும்."

"அது வரைக்கும் என் பேரு?"

"ஒன் பேரு என்கிட்ட இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

எனக்கு அவசரம் கிடையாது. பெல்ட்டில் பழம் வரும்வரை கத்தியோடு நின்றவள் நான். பத்தொன்பது நாள் நின்றேன். அந்தப் பத்தொன்பது நாளும் கடைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன், மன்னிப்புக் கேட்ட கிழவி எப்படி நடப்பாளோ அப்படி. தலைவர் ஒரு தடவை காரை நிறுத்தி, "பாட்டிமா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். "ஒங்க புண்ணியத்துல" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது.

அடுத்த வாரமே பாலாய் ராயாவில், அதாவது எங்கள் சமூக மண்டபத்தில், ஞாயிறு காலைக்கு விளக்கக் கூட்டம் போட்டார். மகள் வந்து எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அறிவிப்பு. நாளிதழிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டிருந்தார். வேறு இரண்டு நிருபர்கள் வந்தார்கள். ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு போலிஸ் சார்ஜன் வந்தார். அவர் மலாய்க்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே புரியும். நானும் ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தேன். பெக்கான் நானாஸில் என் பக்கத்தில் நின்று கண் நோண்டியவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கழுத்தில் ஜெபமாலை. இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள்.

மயில் கழுத்து நிறப் புடவையைக் கட்டிக்கொண்டேன். கைப்பையில் முத்திரை மைப்பெட்டி ஒன்று, வெள்ளைத்தாள், ஐசி அலுவலகக் கடிதம், நீலப் பேனா.

தலைவர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். எல்லாரும் நான் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைத்தார்கள்.

"தலைவரே, அந்தக் காகிதத்த ஒரு தடவ படிங்க. எனக்குக் கண்ணு சரியில்ல."

"நீங்க குடுத்ததுதானே பாட்டிமா, ஒங்களுக்குத் தெரியாதா?" கூட்டம் சிரித்தது.

"வயசாயிடுச்சில்ல. மைக்குல படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தார். குரலில் உருக்கம் வேறு.

"இது என் கைநாட்டுதானா?"

"ஒங்களுதுதான்."

"யாரு முன்னாடி வெச்சேன்?"

"என் முன்னாடிதான், என் ஆபீஸ்ல. நானே ஒங்க கையப் புடிச்சி வெச்சேன். பாவம், கை நடுங்குச்சு."

"எந்த வெரலு?"

"வலது கட்டவெரலு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா பாட்டிமா."

நடுங்கியது என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் கத்தி பிடித்த கை இது. நேராக மேடை மேசைக்குப் போனேன். மைப்பெட்டியைத் திறந்தேன். வலது கட்டைவிரலை அழுத்தித் தாளில் வைத்தேன். மறுபடியும் வைத்தேன். பத்து தடவை. தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். பத்து கறுப்புப் பொட்டு. புளியங்கொட்டை ஒட்டினது மாதிரி. ஒன்றில்கூட ஒரு வரி இல்லை.

"தலைவரே, நீங்க கையப் புடிச்சி வெச்சப்ப மட்டும் எனக்கு ரேக மொளச்சுச்சா?"

அவர் மைக்கைக் கீழே வைத்தார். "மை சாஸ்தி, பாட்டி வேணும்னே தேய்க்கறாங்க" என்று என்னவோ சொன்னார். அதற்குள் என் தோழி எழுந்து வந்து, கேட்காமலே மையில் விரலைத் தொட்டுத் தாளில் வைத்தாள். அவளுக்கும் பொட்டுதான்.

"நாங்க அன்னாசிக்காரிங்க லா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "எங்க கையப் பாத்து ஜோசியக்காரனே ஓடிடுவான். இவரு எப்படிய்யா படிச்சாரு?"

மண்டபம் அதிர்ந்தது. முன்பு சிரித்தவர்கள்தான் அன்றும் சிரித்தார்கள், கீழ்வீட்டுக்காரி உள்பட. சார்ஜன் மேசைக்கு வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தலைவரின் கையிலிருந்த மூலக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐசி அலுவலகக் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மூலக் காகிதத்தை உறையில் போட்டார். நான் நீலப் பேனாவை எடுத்து, என் பத்துப் பொட்டுக்கும் கீழே, நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. நிருபர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள்.

தலைவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத நான்கு பக்கம் வேண்டும். அந்த முகத்தை நான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இனிக்கிறது.

மகளின் செய்திகளை நாளிதழ் திரும்பப் போட ஆரம்பித்தது. லோரியைப் பிடித்து வைத்தார்கள். கள்ளக் கைநாட்டுக்கு நான் போலிஸில் ரிப்போர்ட் கொடுத்தேன். யாருடைய விரல் என்று தேடினார்கள். அது தலைவரின் சொந்தத் தாயாருடையது. முதியோர் உதவிக்கான விண்ணப்பப் பாரம் என்று சொல்லிக் கைநாட்டு வைக்கச் சொன்னாராம். அந்த அம்மா மகனை நம்பி வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் தலைவர் தனியாக வந்தார். கையில் பழக்கூடை. கூடைக்கு நடுவில் ஓர் அன்னாசி. யோசிக்காமல் வாங்கியிருப்பார். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. செருப்புப் பலகைக்குப் பக்கத்தில், பிளந்த தலைக்கவசத்துக்கு முன்னால் நின்றார். அவர் வாயில் 'பாட்டிமா' போய் 'அம்மா' வந்திருந்தது.

"அம்மா, எங்க அம்மாவ விட்டுடுங்க. எண்பத்திரண்டு வயசு. கோர்ட்டுல சாட்சிக்குக் கூப்புடறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரிப்போர்ட்ட மீட்டுக்குங்க."

"என் மகள ஒதச்சவனுங்க யாரு?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

"கைநாட்டும் என்னுதுன்னுதான் சத்தியம் பண்ணீங்க."

அவர் தலைக்கவசத்தைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

"போலிஸ் பாலாய்க்குப் போங்க. அந்த ரெண்டு பேரு பேரச் சொல்லுங்க. போன திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. அந்த டிரைவருக்கு வேலையக் குடுங்க. அன்னிக்குப் பேசலாம்."

"அதச் சொன்னா நான் முடிஞ்சேன்மா."

"அப்ப ஒங்க அம்மா வரட்டும்."

கூடையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் படியிறங்கும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அம்மா, அந்தக் கெழவிய இழுக்க வேணாமே. அவரப் பத்தி எழுதறது என் வேல. பழி வாங்கறது வேற."

"ஒனக்கு வேற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அம்மா கோர்ட்டுப் படியில் மூச்சு வாங்க ஏறுவதை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வந்தால் நானே நாற்காலி இழுத்துப் போடுவேன், தண்ணீர் கொடுப்பேன். ஆனால் ரிப்போர்ட்டை மீட்கமாட்டேன். தன் தாயாரை அங்கே நிறுத்தப்போவது அவர்தான், நான் இல்லை. என் மகளின் தோளில் மழைக்காலத்தில் இன்னும் வலி இருக்கிறது. கைப்பேசி இன்னும் வரவில்லை. இரண்டு பெயரும் இன்னும் அவர் வாய்க்குள்ளேதான் இருக்கின்றன. அவை வெளியே வரும்வரை எனக்கு மன்னிப்பு என்ற சொல்லை எழுதத் தெரியாது.

போலிஸில் நான் சொன்னதை அவர்கள் மலாயில் அடித்துக்கொண்டார்கள். அது அவர்கள் எழுத்து. இது என் எழுத்து. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று எழுதிவந்தேன். கோர்ட்டுக்கு வேண்டுமோ வேண்டாமோ, அச்சில் போட மகளிடம் கொடுக்கப்போகிறேன்.

பேத்தி பள்ளி விட்டு வந்துவிட்டாள். சீருடைகூட மாற்றவில்லை, பரவாயில்லை. வா கண்ணு, இங்கே உட்கார். நான் சொல்லாததைச் சொன்ன காகிதம் ஒன்று என் பெயரில் ஊரைச் சுற்றியது, இன்னொன்று வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. சொல்லில் கை வைக்காதே. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், நீ படிக்கக் கேட்ட பிறகுதான் போடுவேன். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. ஜன்னலைச் சாத்தாதே, கீழ்வீட்டுக்காரிக்கும் கேட்கட்டும்.